மாத்திரை மூளைக்குள் என்ன செய்கிறது?

மருத்துவரை நிலையத்துக்கு அழைத்து நேயர்களின் கேள்விகளைக் கேட்கும் அங்கத்தில், தலைப்பு எதுவாக இருந்தாலும் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும். சர்க்கரை நோயைப் பற்றிப் பேசினாலும் வரும். தூக்கத்தைப் பற்றிப் பேசினாலும் வரும்.

"மனசுக்குன்னு கொடுக்கிற மாத்திரையைப் போட ஆரம்பிச்சா, அப்புறம் விடவே முடியாதாமே? உண்மையா டாக்டர்?"

கேட்பவர் பெரும்பாலும் ஓர் அம்மாவாக இருப்பார். பெயரைச் சொல்ல மாட்டார். "எனக்குத் தெரிஞ்சவங்க வீட்ல ஒரு பிள்ளைக்கு..." என்றுதான் தொடங்குவார். அந்தப் பிள்ளை யாருடையது என்பது அவருடைய குரலிலேயே தெரிந்துவிடும்.

நான் மருத்துவர் இல்லை. படித்தது ஊடகத் துறை. ஆனால் இரண்டு பாட்டுகளுக்கு நடுவே கிடைக்கும் இரண்டு நிமிடத்தில் இந்தக் கேள்விக்கு முழுப் பதில் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். அதே வீட்டில் அப்பா ஒரு நாளைக்கு மூன்று கோப்பி குடிப்பார். சித்தப்பா சிகரெட் பிடிப்பார். தாத்தா கை நடுக்கத்துக்கு மாத்திரை போடுவார். மாமா வேலை முடிந்ததும் இரண்டு போத்தல் பீர் குடிப்பார். இவை எல்லாமே மூளையின் வேதிப்பொருள்கள் மீது வேலை செய்பவைதான். ஆனால் பயம் என்னவோ மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையின் மீது மட்டும்தான்.

தவளை இதயம் சொன்ன செய்தி

நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. ஒரு நரம்பணுவுக்குள் செய்தி மின்துடிப்பாக ஓடுகிறது. ஆனால் பெரும்பாலான இடங்களில் ஒரு நரம்பணு அடுத்ததைத் தொட்டுக்கொண்டிருப்பதில்லை. நடுவில் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு மிக நுண்ணிய இடைவெளி இருக்கிறது. செய்தி அந்த இடைவெளியை எப்படித் தாண்டுகிறது?

நூறு ஆண்டுகளுக்கு முன் இது விஞ்ஞானிகளிடையே பெரிய வாக்குவாதம். மின்சாரமாகவே தாவுகிறது என்றனர் ஒரு சாரார். ஏதோ ஒரு வேதிப்பொருள் கசிகிறது என்றனர் மறு சாரார். 1921-ஆம் ஆண்டு ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை வைத்து இதைச் சோதித்தார். முதல் இதயத்தின் நரம்பைத் தூண்டினார், துடிப்பு மெதுவானது. அந்த இதயம் மூழ்கியிருந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். எந்த நரம்பையும் தொடாமலேயே அதன் துடிப்பும் மெதுவானது. அப்படியானால் முதல் நரம்பு ஏதோ ஒன்றைத் திரவத்தில் கலந்திருக்க வேண்டும். அந்தப் பொருள்தான் அசிட்டைல்கோலின் என்று பின்னர் தெரிய வந்தது. 1936-இல் லோவிக்கும் இங்கிலாந்தின் ஹென்றி டேலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இப்படி இடைவெளியைக் கடந்து செய்தி கொண்டுபோகும் வேதிப்பொருள்களை நரம்புக் கடத்திகள் என்கிறோம். டோபமின், செரோடோனின், காபா, குளூட்டமேட், அடினோசின் என்று பல இருக்கின்றன.

இவை வேலை செய்யும் விதம் எனக்கு என் தொழிலையே நினைவுபடுத்தும். ஒரு நரம்பணு ஒலிபரப்புகிறது. எதிர்ப்பக்கத்து நரம்பணுவில் ஏற்பிகள் என்ற சின்னச் சின்ன வானொலிப் பெட்டிகள் இருக்கின்றன. டோபமினுக்கான ஏற்பி டோபமினுக்குத்தான் பேசும், செரோடோனினைக் கண்டுகொள்ளாது. செய்தி சேர்ந்ததும் இடைவெளியைச் சுத்தம் செய்ய வேண்டும். இல்லையென்றால் பழைய செய்தியே ஓடிக்கொண்டிருக்கும். அதற்காக அனுப்பிய நரம்பணுவே மிச்சத்தை உறிஞ்சி எடுத்துக்கொள்ளும். அல்லது நொதிகள் அதை உடைத்துவிடும். இவ்வளவும் நொடியில் மிகச் சிறிய பங்கில் நடந்து முடிகிறது.

டோபமின் என்றால் மகிழ்ச்சி, செரோடோனின் என்றால் நிம்மதி என்று டிக்டாக்கில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் உடலில் உள்ள செரோடோனினில் சுமார் 90 விழுக்காடு குடலில்தான் இருக்கிறது. டோபமின் இல்லாமல் நாம் கையைக்கூட ஒழுங்காக அசைக்க முடியாது.

சர்ப்பகந்தியும் அசையாத முயல்களும்

இதைக் கண்டுபிடித்த கதையில் நம் பக்கத்து மூலிகை ஒன்றுக்கும் பங்குண்டு. சர்ப்பகந்தி என்ற செடியின் வேரை இந்தியாவில் பல தலைமுறைகளாக மருந்தாகப் பயன்படுத்தி வந்தார்கள். 1931-இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர், இது இரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் பயன்படுவதாக எழுதினார்கள். 1949-இல் பம்பாய் இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல் என்ற மருத்துவ இதழில் இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். 1952-இல் சுவிட்சர்லாந்து மருந்து நிறுவனம் ஒன்று அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது.

சுவீடனில் அர்விட் கார்ல்சன் அந்த ரெசர்பினை முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். முயல்கள் அசையாமல் உட்கார்ந்துவிட்டன. பிறகு, மூளைக்குள் டோபமினாக மாறக்கூடிய எல்-டோபா என்ற பொருளை ஊசியில் ஏற்றினார். சிறிது நேரத்தில் முயல்கள் மீண்டும் நடமாடின. ரெசர்பின் மூளையில் இருந்த டோபமின் இருப்பைக் காலி செய்துவிட்டது. எல்-டோபா அதை மீண்டும் நிரப்பியது. பார்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமின் குறைந்திருப்பது 1960-இல் உறுதியானது. கை நடுக்கத்துக்கும் உடல் இறுக்கத்துக்கும் நம் தாத்தா பாட்டிமார் இன்று சாப்பிடும் மாத்திரை அந்த முயல்களிடமிருந்து தொடங்கியதுதான். கார்ல்சனுக்கு 2000-ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

கோப்பி முதல் கெத்தும் வரை

மூளை மீது வேலை செய்யும் எந்தப் பொருளும் புதிதாக ஓர் உணர்வைக் கொண்டுவந்து வைப்பதில்லை. ஏற்கெனவே உள்ள ஏதோ ஒரு கடத்தியின் வேலையில்தான் கை வைக்கிறது. கை வைக்கும் விதம்தான் வேறுபடுகிறது.

கோப்பி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் சேர்ந்துகொண்டே வரும். அது ஏற்பியில் உட்கார்ந்தால் தூக்கம் வரும். கோப்பியில் உள்ள காஃபின் அந்த நாற்காலியில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. களைப்பு எங்கும் போகவில்லை. அது நமக்குக் கேட்காமல் போகிறது, அவ்வளவுதான். காஃபினில் பாதி உடலை விட்டு வெளியேற சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணிக்கு மாமாக் கடையில் கெட்டியாக ஒரு கோப்பி குடித்தால், இரவு பத்து மணிக்கும் அதில் பாதி உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்.

சிகரெட் வேஷம் போடும். நிகோட்டின், அசிட்டைல்கோலினைப் போலவே நடித்து அதன் ஏற்பிகளில் சிலவற்றைத் திறக்கிறது. புகையை இழுத்த பத்து இருபது நொடிகளில் மூளையை எட்டிவிடும். அத்தனை வேகமாகப் பலன் கிடைப்பதுதான் அந்தப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளக் காரணம்.

கெத்தும் இலையும் அப்படித்தான். கெடா, பெர்லிஸ் பக்கம் இதை நன்றாகத் தெரியும். கோப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த மரம். அதன் இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் களைப்புத் தெரியாது என்று உடலுழைப்புத் தொழிலாளர்களும் மீனவர்களும் வெகுகாலமாகக் குடித்து வந்தார்கள். அதில் உள்ள மித்ராகைனின் என்ற பொருள், மார்ஃபின் உட்காரும் அதே ஏற்பியில் உட்காருகிறது. உண்மையில் அந்த ஏற்பி, வலியைத் தணிக்க நம் உடலே தயாரிக்கும் எண்டோர்பினுக்காக இருப்பது. "இலைதானே, இயற்கைதானே" என்று சொல்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். மித்ராகைனின் நம் நாட்டில் நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. இருமல் மருந்தோடு கலந்து குடிக்கும்போது ஆபத்து பல மடங்காகிறது.

மது இரண்டு வேலை செய்யும். மூளையை அமைதிப்படுத்தும் காபாவின் குரலை உயர்த்தும். மூளையைத் தூண்டும் குளூட்டமேட்டின் குரலைத் தாழ்த்தும். அதனால்தான் முதலில் பேச்சு தாராளமாக வருகிறது. பிறகு நாக்கு குழறுகிறது. கடைசியில் நேற்று நடந்ததே நினைவில் இருப்பதில்லை.

சியாபு என்று இங்கே சொல்லப்படும் மெத்தம்பெட்டமின் இவை எல்லாவற்றையும் விட மூர்க்கமானது. அது நரம்பணுவுக்குள் நுழைந்து, டோபமினை உள்ளே இழுக்க வேண்டிய குழாயையே திருப்பி ஓட வைக்கிறது. டோபமின் வெள்ளமாகக் கொட்டுகிறது. சாப்பாடு, பாட்டு, பிள்ளையின் சிரிப்பு என்று இயற்கையாக மகிழ்ச்சி தரும் எதுவும் அந்த அளவுக்கு டோபமினைக் கொட்ட வைக்காது.

மூளை சும்மா இருக்காது

பக்கத்து வீட்டில் இரைச்சலாகப் பாட்டு வைத்தால் நாம் என்ன செய்வோம்? சன்னலைச் சாத்துவோம். மூளையும் அதையேதான் செய்கிறது. ஒரு கடத்தியின் சத்தம் நாள்கணக்கில் அதிகமாக இருந்தால், ஏற்பிகளைக் குறைத்துக்கொள்ளும். சத்தம் அடைபட்டுக் கிடந்தால், ஏற்பிகளைக் கூட்டிக்கொள்ளும்.

முதல் மாதம் ஒரு போத்தலில் கிடைத்த மயக்கத்துக்கு ஆறாவது மாதம் மூன்று போத்தல் ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு இதுதான் விளக்கம். திடீரென்று நிறுத்தினால் ஏன் உடல் ஆடிப்போகிறது என்பதற்கும் இதுதான் விளக்கம். பாட்டு நின்றாலும் சன்னல் மூடியேதான் இருக்கிறது. அது மெல்லத் திறக்க நாளாகும். கோப்பி குடித்துப் பழகியவருக்கு விரத நாளில் தலைவலி வருவதும் இந்தக் கணக்கில்தான்.

இங்கே நம் வீடுகளுக்கு மிக அவசியமான ஒரு விஷயம் இருக்கிறது. தைப்பூசத்துக்கு விரதம் இருக்கும்போதும், ஐயப்பனுக்கு மாலை போடும்போதும், பல ஆண்கள் குடியை ஒரே நாளில் நிறுத்துவார்கள். எப்போதாவது குடிப்பவருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் பல ஆண்டுகளாகத் தினமும் அதிகமாகக் குடிப்பவரின் மூளை, மதுவின் அழுத்தத்தை ஈடுகட்டத் தூண்டும் பக்கத்தை உயர்த்தியே வைத்திருக்கும். மது திடீரென்று நின்றால் அந்தத் தூண்டலைத் தடுக்க ஆளில்லை. கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை என்று தொடங்கி, இரண்டு மூன்று நாளில் வலிப்பு, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும் குழப்பம் வரை போகலாம். உயிரே போகலாம். "சாமி இறங்கியிருக்கு" என்று விட்டுவிடாதீர்கள். அப்படிப்பட்டவர் குடியை விட முடிவு செய்தால் அது மிக நல்ல முடிவு. முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். அந்தச் சில நாள்களைப் பத்திரமாகக் கடக்க மருந்து இருக்கிறது.

போதைப் பழக்கத்தை "மனசு வைக்கல, அதான்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். மனசு வைப்பதற்குத் தேவையான அதே மூளைப் பாதையைத்தான் போதை மாற்றி வைத்திருக்கிறது. நல்ல செய்தி, சன்னல் மறுபடியும் திறக்கும். ஓராண்டுக்கும் மேல் மெத்தம்பெட்டமினை விட்டு விலகியிருந்தவர்களிடம் டோபமின் அமைப்பு ஓரளவு மீண்டு வருவதை மூளைப் படங்கள் காட்டியுள்ளன. ஹெராயின் பழக்கத்துக்கு நம் நாட்டில் 2005 முதல் மெத்தடோன் சிகிச்சை கொடுக்கிறார்கள். மெத்தடோனும் அதே ஏற்பியில்தான் உட்காருகிறது. ஆனால் மெதுவாக ஏறி, நீண்ட நேரம் நிலையாக நிற்பதால், அந்த மனிதர் வேலைக்குப் போய் வீட்டுக்கு வர முடிகிறது.

அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம்

மனச்சோர்வுக்கு இன்று பெரும்பாலும் முதலில் கொடுக்கப்படுவது செரோடோனின் சுத்திகரிப்பைத் தாமதப்படுத்தும் மாத்திரை. 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃப்ளுவாக்செட்டின் இந்த வகையில் மிகப் பிரபலமானது. நரம்பணு செரோடோனினை உறிஞ்சி எடுக்கும் வாயிலை இது அடைக்கிறது. அதனால் செரோடோனின் கொஞ்சம் கூடுதல் நேரம் இடைவெளியில் நிற்கிறது.

வாயில் அடைபடச் சில மணி நேரமே போதும். ஆனால் மனம் தெளிய இரண்டிலிருந்து ஆறு வாரங்கள் ஆகும். காரணம், பலன் செரோடோனின் கூடுவதால் மட்டும் வருவதில்லை. அந்த மாற்றத்துக்கு ஏற்ப மூளை தன்னைப் படிப்படியாகச் சரிசெய்துகொள்வதும் அதில் சேர்த்தி. போதையில் நமக்கு எதிராக வேலை செய்த அதே பழகும் குணம், இங்கே நமக்குச் சாதகமாக வேலை செய்கிறது.

சிக்கல் என்னவென்றால், குமட்டல், தலைவலி, தூக்கக் குளறுபடி போன்ற பக்கவிளைவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலன் பிறகுதான் வரும். ஒரு பல்கலைக்கழக மாணவி மருந்து தொடங்கிப் பத்து நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வாந்தி வருகிறது, முகம் இன்னும் தெளியவில்லை. அம்மா என்ன நினைப்பார்? "இந்த மருந்து ஒத்துக்கல, நிறுத்திடும்மா." மருந்தைக் கைவிடும் பலர் கைவிடுவது சரியாக இந்தக் கட்டத்தில்தான். அந்தப் பக்கவிளைவுகளில் பெரும்பாலானவை ஓரிரு வாரத்தில் தணிந்துவிடும் என்பதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த அம்மா காத்திருப்பார்.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யக்கூடாது. 25 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் சிலருக்கு, மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் அதிகரிக்கலாம். பதற்றம் கூடினாலோ, பேச்சு மாறினாலோ, உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அந்த வாரங்களில் பிள்ளையைத் தனியே விடாமல் கூட இருப்பது குடும்பத்தின் வேலை.

சரி, பழக்கமாகிவிடுமா? இந்த வகை மாத்திரை போதை தராது. இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்று அளவைக் கூட்டிக் கேட்க வைக்காது. ஆனால் மூளை அதற்குத் தன்னைச் சரிசெய்துகொண்டிருப்பதால், திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், மின்சாரம் பாய்ந்தது போன்ற உணர்வு வரலாம். அதனால் மருத்துவர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துவார். பொதுவாக, மனம் தெளிந்த பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள்.

நம் பெரியவர்களின் பயம் ஆதாரம் இல்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் மனதில் இருப்பது பெரும்பாலும் தூக்க மாத்திரை. காபாவின் குரலை உயர்த்தும் டயாசெபம் போன்ற மாத்திரைகளைப் பல மாதம் தொடர்ந்து போட்டால் உடல் பழகிப்போகும் என்பது உண்மை. அதனால்தான் அவற்றைக் குறுகிய காலத்துக்கு மட்டும் கொடுக்கிறார்கள். இரண்டும் மனநல மருத்துவர் கொடுப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

இன்னொன்று. "செரோடோனின் குறைந்தால் மனச்சோர்வு வரும்" என்று பல காலமாகச் சொல்லி வந்தார்கள். 2022-இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துவிட்டு, அதற்கு உறுதியான சான்று இல்லை என்றார்கள். உடனே "அப்போ மாத்திரையே ஏமாற்று வேலை" என்று வாட்ஸ்ஆப்பில் செய்திகள் பறந்தன. பெனடால் போட்டால் தலைவலி போகிறது. அதற்காக உடம்பில் பெனடால் குறைந்துதான் தலைவலி வந்தது என்று சொல்ல மாட்டோம். காரணம் ஒன்றாக இருக்கலாம், தீர்க்கும் வழி வேறாக இருக்கலாம். மனச்சோர்வுக்கு இழப்பு, கடன், நோய், பரம்பரை, தனிமை என்று பல காரணங்கள் உண்டு. மிதமானதிலிருந்து கடுமையானது வரையான மனச்சோர்வில் மாத்திரை பலருக்கு உதவுகிறது; எல்லோருக்கும் இல்லை. பேச்சு வழி சிகிச்சையும் சேரும்போது பலன் கூடும்.

மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

பயந்துகொண்டு வீட்டுக்கு வந்து கூகளிடம் கேட்பதைவிட, அறையிலேயே இவற்றைக் கேட்டுவிடுங்கள்:

இது எந்த வகை மாத்திரை? பலன் தெரிய எத்தனை வாரம் ஆகும்?

முதல் இரண்டு வாரத்தில் என்ன பக்கவிளைவு வரும்? எது வந்தால் உடனே திரும்பி வர வேண்டும்?

எவ்வளவு காலம் போட வேண்டும்? எப்படிக் குறைத்து நிறுத்துவீர்கள்?

மற்ற மருந்துகளோடு சேர்ந்தால் என்ன ஆகும்? இதைக் கேட்கும்போது, வீட்டில் சாப்பிடும் நாட்டு மருந்து, ஜாமு, இருமல் மருந்து, மது, கெத்தும் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். டிராமடோல் என்ற வலி மாத்திரையும் சில இருமல் மருந்துகளும் செரோடோனின் மாத்திரையோடு சேர்ந்தால் செரோடோனின் அளவு மிஞ்சி ஆபத்தாகலாம்.

மனநலச் சிகிச்சைக்கு எடுத்தவுடன் தனியார் நிபுணரைத் தேட வேண்டும் என்பதில்லை. அரசாங்க சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைப் பார்த்து அங்கிருந்து தொடங்கலாம். பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, எந்நேரமும் அழைக்கலாம்.

பிள்ளைக்கு அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றால், அதைச் சாப்பாட்டு மேசையில் இரத்த அழுத்த மாத்திரைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். தொடங்கிய தேதியை நாள்காட்டியில் குறித்து, அங்கிருந்து ஆறு வாரம் எண்ணுங்கள். நடுவில் நிறுத்த வேண்டும் என்று தோன்றினால், அதற்கு முன் கிளினிக்குக்கு ஒரு போன் போடுங்கள்.